நள்ளிரவுக் காட்சியின் வாரிசுகள்: கல்ட் இயக்குநர்களின் பள்ளிகளும் உரைகற்களும்

வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவரிடம் மைக்கை நீட்டினால், "கல்ட் படம் சார்" என்று சொல்லிவிட்டு நடக்கிறார். மறுநாள் விளம்பரத்திலும் அந்தச் சொல் ஏறிவிடுகிறது. பிறந்து இரண்டு நாள் ஆன படத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பதை இந்த மலரின் வாசகர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தைப் பார்வையாளர்கள் ஆண்டுக்கணக்கில் சுமந்து வந்திருக்க வேண்டும். அது பெட்டிக்குள் முடங்கியபோது தேடி எடுத்திருக்க வேண்டும், நண்பரை வற்புறுத்திப் பார்க்க வைத்திருக்க வேண்டும், அதன் காட்சிகளைத் தங்கள் பேச்சுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். இந்த உழைப்பு நடந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தப் பெயரை எடுக்கலாம். அந்த உழைப்பை விளம்பரதாரரோ இயக்குநரோ விமர்சகரோ செய்துகொடுக்க முடியாது.

வெகுஜன இயக்குநர் என்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ரஜினிகாந்தை வைத்து 25 படங்கள் எடுத்த எஸ்.பி. முத்துராமனின் தொழில் தேர்ச்சி சாமானியமானதல்ல. நடிகரின் கால்ஷீட், தயாரிப்பாளரின் வட்டி, விநியோகஸ்தரின் முன்பணம், தீபாவளித் தேதி ஆகியவற்றை ஒன்றுக்கொன்று இடிக்காமல் நகர்த்தி, சென்னையிலும் சேலத்திலும் ஒரே இடத்தில் கைதட்டல் வாங்குவதற்குப் பெரிய நிதானம் வேண்டும். அப்படிப்பட்ட இயக்குநர் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும்போதே தன் பார்வையாளர் யார் என்று அறிந்திருக்கிறார். அவர் எங்கே சிரிப்பார், எங்கே எழுந்து வெளியே போவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்ட் இயக்குநருக்கு அப்படி ஒருவர் இல்லை. அவருடைய பார்வையாளர் படம் வந்த பிறகுதான் உருவாகிறார். சில வேளை இயக்குநர் இறந்த பிறகு. முன்கூட்டித் தெரியாத அந்த ஆளுக்காகக் கையை மாற்றிக்கொள்ளாமல் படம் எடுத்தாரா என்பதே என் முதல் உரைகல். பணம் குறைவா, நட்சத்திரம் உண்டா, தோல்வியா, தடையா என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இந்தப் பாரம்பரியத்துக்கு ஒரு முகவரி உண்டு. நியூயார்க், மன்ஹாட்டன், எட்டாவது அவென்யூ, எல்ஜின் தியேட்டர். பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த அந்த அரங்கை நடத்தியவர் பென் பாரன்ஹோல்ட்ஸ். 1970 டிசம்பரில் அவர் 'எல் டோப்போ' என்ற படத்தை நள்ளிரவில் போட ஆரம்பித்தார். சிலியில் பிறந்து மெக்சிகோவில் படமெடுத்த அலெஹாந்த்ரோ ஹொடரோவ்ஸ்கியின் படம் அது. குதிரையில் கறுப்புடை அணிந்த துப்பாக்கிக்காரன், பின்னால் ஆடையில்லாத சிறுவன், பாலைவனம், இரத்தம், பைபிள், ஜென் எல்லாம் கலந்த கதை. பகல் காட்சியில் போட்டிருந்தால் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. நள்ளிரவில் அது அடுத்த ஜூன் வரை ஓடியது. வாய்வழிப் பேச்சுதான் பெரும் விளம்பரம். நள்ளிரவில் வருகிறவர் தற்செயலாக வருவதில்லை. மறுநாள் காலை வேலையை யோசித்தும் வந்தவர் அவர். அதே படத்துக்கு அடுத்த வாரமும் வந்தார். இரவு நேரமே ஒரு சல்லடையாக இருந்தது.

ஜான் லெனன் அந்தப் படத்தில் மயங்கிப் போனதால், அவருடைய மேலாளர் ஆலன் கிளைன் உரிமையை வாங்கினார். ஹொடரோவ்ஸ்கியின் அடுத்த படமான 'தி ஹோலி மவுன்டன்' 1973-இல் அவர் நிறுவனத்தின் மூலமே வந்தது. பிறகு இருவருக்கும் முறிந்தது. கிளைன் இரண்டு படங்களையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். இந்த முப்பது ஆண்டுதான் நம் விஷயத்துக்கு முக்கியமான சான்று. அத்தனை காலம் மங்கலான வீடியோ நகல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. நகலின் நகலில் நிறமெல்லாம் வெளிறிப் போயும் பார்த்தார்கள். சமரசம் ஏற்பட்டு, 2007-இல் சுத்தமான டிவிடி வந்தபோது, அதை வாங்கக் காத்திருந்தவர்களில் பலர் படம் முதலில் ஓடியபோது பிறக்காதவர்கள். உரிமையாளரே ஒளித்து வைத்த படத்தை மூன்று தலைமுறை காப்பாற்றியிருக்கிறது.

எல்ஜின் பள்ளியின் மற்ற மாணவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால் எந்தப் பொதுப் பாணியும் தென்படாது. பால்டிமோர் நகரத்தில் நண்பர்களை வைத்துப் படமெடுத்த ஜான் வாட்டர்ஸ், சுமார் 12,000 டாலரில் 'பிங்க் ஃப்ளமிங்கோஸ்' எடுத்தார். அருவருப்பை ஒரு கொண்டாட்டமாக மாற்றிய படம். அதில் நடித்த டிவைனுக்குத் தனியே ஒரு பக்தர் கூட்டம் உருவானது. ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க்கின் விளம்பரப் பட உலகத்திலிருந்து வந்தவர். 1968-இல் அவர் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் தலைப்பை விநியோகஸ்தர் மாற்றியபோது பதிப்புரிமை வாசகம் விடுபட்டுப் போயிற்று. அதனால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம், நகலெடுக்கலாம். ரொமேரோவுக்குப் பெரிய பணம் போனது. படமோ எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. கதாநாயகனாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகரை நிறுத்தி, கடைசியில் அவருக்கு நேர்வதைக் காட்டிய விதம், அந்த ஆண்டின் அமெரிக்காவை அறிந்தவர்களுக்கு வெறும் பேய்ப்படமாக இருந்திருக்க முடியாது.

இவர்களில் என் உரைகல்லுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறவர் டேவிட் லிஞ்ச். 'இரேசர்ஹெட்' படத்தை எடுத்து முடிக்க அவருக்கு ஐந்தாண்டு பிடித்தது. இடையில் பத்திரிகைகளை வீடு வீடாகப் போட்டுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தார். 1977-இல் அதையும் நள்ளிரவுக்குக் கொண்டுவந்தவர் பாரன்ஹோல்ட்ஸ்தான். அந்தப் படத்தைப் பார்த்த நகைச்சுவை இயக்குநர் மெல் புரூக்ஸ், தான் தயாரித்த 'தி எலிஃபன்ட் மேன்' படத்தை லிஞ்சிடம் ஒப்படைத்தார். அது எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. அடுத்து பெரிய பணத்தில் 'ட்யூன்'. இதே நாவலைப் படமாக்க எழுபதுகளில் ஹொடரோவ்ஸ்கி மோபியஸ், கீகர் போன்ற ஓவியர்களைச் சேர்த்துப் பெரிய திட்டம் போட்டு, ஒரு அடிகூடச் சுட முடியாமல் கைவிட்டிருந்தார். லிஞ்ச் 1984-இல் எடுத்தே முடித்தார். ஆனால் கடைசி எடிட்டிங் அவர் கையில் இல்லை. படம் விழுந்தது. பின்னால் தொலைக்காட்சிக்காக நீட்டித்த வடிவத்தில் தன் பெயரைப் போடக்கூடாது என்று எடுக்கவைத்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். 'ட்யூன்' எடுத்த அதே தயாரிப்பாளர் டினோ டி லாரன்டீஸிடம் சம்பளத்தையும் பட்ஜெட்டையும் குறைத்துக்கொண்டு, கடைசி எடிட்டிங் உரிமையைக் கேட்டு வாங்கினார். 1986-இல் 'ப்ளூ வெல்வெட்' வந்தது. அதன்பின் 1990-இல் 'ட்வின் பீக்ஸ்' தொடரை அமெரிக்காவே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. அந்த ஓராண்டில் அவரைவிடப் பிரபலமான இயக்குநர் அங்கே இல்லை. ஆனாலும் அவரை வெகுஜன இயக்குநர் என்று யாரும் சொல்வதில்லை. 2025 ஜனவரியில் அவர் மறைந்தபோதும் சொல்லவில்லை. கூட்டம் அவரிடம் வந்தது, போனது. கூட்டம் இருந்தபோதும் இல்லாதபோதும் அதே சிவப்புத் திரை, அதே இரைச்சல், அதே மெதுவான அச்சம். வெற்றி ஒருவரை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும் என்று நினைப்பவர்கள் லிஞ்சை யோசிக்க வேண்டும்.

கல்ட் படத்தையும் கல்ட் இயக்குநரையும் குழப்பிக்கொள்வது நம்மிடையே மிகுதி. 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1976-இலிருந்து நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவில் ஓடியது. ரசிகர்கள் பாத்திரங்களைப் போலவே வேடமிட்டு வந்து, திரையைப் பார்த்து வசனத்துக்கு எதிர்வசனம் கத்தினார்கள். அதன் இயக்குநர் ஜிம் ஷார்மன். அவர் பெயரைச் சொல்லி யாரும் தேடிப் போவதில்லை. 'காசபிளாங்கா' பற்றி உம்பர்த்தோ எக்கோ ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதியிருக்கிறார். துண்டு துண்டாக உடைத்து நினைவில் வைத்துக்கொள்ளத் தோதான படமே பக்தியை ஈர்க்கிறது என்பது அவர் வாதம். அது படத்தைப் பற்றிய வாதம். அதை இயக்கிய மைக்கேல் கர்ட்டிஸ் ஸ்டுடியோவின் நம்பகமான வெகுஜன இயக்குநர். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' இன்னொரு உதாரணம். இயக்குநர் கல்ட் ஆக வேண்டுமானால், ஒரு படத்தைப் பார்த்தவன் அவருடைய மற்றப் படங்களைத் தேடிப் போக வேண்டும். சறுக்கிய படத்திலும் அவர் கைத்தடத்தைக் கண்டு மகிழ வேண்டும்.

கேலிப் பள்ளி ஒன்று உண்டு. அதைச் சுருக்கமாகக் கடக்கவே விரும்புகிறேன். எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில், இறந்துபோன பேலா லுகோசிக்குப் பதிலாக வேறொருவர் முகத்தை அங்கியால் மூடிக்கொண்டு நடிக்கிறார். வுட் 1978-இல் வறுமையில் இறந்தார். 1980-இல் ஒரு புத்தகம் அவருக்கு உலகின் மிக மோசமான இயக்குநர் என்ற பட்டம் கொடுத்தது. அதிலிருந்து கூட்டம் சிரிக்க வந்தது. இந்தியில் காந்தி ஷாவின் 'குண்டா' இணையத்தில் அப்படித்தான் பரவியது. சிரிப்பதற்காகச் சேரும் கூட்டத்தை நான் இந்த மரபில் சேர்ப்பதில்லை. டிம் பர்ட்டன் 1994-இல் எட் வுட்டைப் பற்றி எடுத்த படத்தில் சிரிப்புக்கு நடுவே உண்மையான அன்பு இருக்கிறது. அந்த அன்பு இருக்கும் இடத்தில் மட்டும் எனக்கு ஆட்சேபமில்லை.

இனி, இந்த மரபில் நான் மிக உயர்ந்த இடம் கொடுக்கும் மனிதருக்கு வருகிறேன். செய்ஜுன் சுசுகி.

ஜப்பானின் நிக்காட்சு ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். இரண்டு படம் ஒரே டிக்கெட்டில் காட்டும் முறை அங்கே இருந்தது. முதல் படம் நட்சத்திரத்துக்கு, இரண்டாவது படம் இட்டு நிரப்புவதற்கு. சுசுகிக்குக் கிடைத்தது இரண்டாவது. கதை, நடிகர், தலைப்பு எல்லாம் மேலிருந்து வரும். ஏறத்தாழ 25 நாளில் எடுத்துக்கொடுக்க வேண்டும். 1956-இலிருந்து பன்னிரண்டே ஆண்டில் சுமார் நாற்பது படங்கள். எல்லாம் ரவுடிக் கதை, துப்பாக்கிக் கதை. இவ்வளவு இறுக்கமான கூண்டில் இருந்தவர் கதையைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தார். ஒரே கதை, ஒரே வசனம் என்று சலித்துப்போனதால் சுவருக்கு நிறம் ஏறியது, பின்புலம் திடீரென்று மறைந்தது, ஒரு அறையிலிருந்து வெளியே போகிறவன் பொருந்தாத வேறொரு இடத்தில் நுழைந்தான். 1966-இல் வந்த 'டோக்கியோ டிரிஃப்டர்' படத்தில் ரவுடி வெளிர்நீல கோட் போட்டுக்கொண்டு மஞ்சளும் வெள்ளையுமான மேடை போன்ற அரங்குகளில் உலவுகிறான். நிறுவனம் எச்சரித்தது.

அடுத்த ஆண்டு 'பிராண்டட் டு கில்'. கறுப்பு வெள்ளை. கொலைகாரர்களுக்குள் தரவரிசை உண்டு, நாயகன் அதில் மூன்றாம் இடம். கன்னத்தை அறுவைசிகிச்சையால் உப்ப வைத்துக்கொண்ட ஜோ ஷிஷிடோ அந்தப் பாத்திரம். சோறு வேகும் வாசனையை முகர்ந்தால்தான் அவனுக்குக் கிளர்ச்சி. துப்பாக்கிக் குழல் முன்னால் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்து குறி தவறிப் போவதிலிருந்து அவன் வீழ்ச்சி தொடங்குகிறது. இந்தப் படத்தைப் பார்த்த நிக்காட்சு தலைவர் கியூசாகு ஹோரி, சுசுகியின் படங்கள் புரிவதில்லை, பணமும் வருவதில்லை என்று 1968-இல் அவரை வேலையைவிட்டு நீக்கினார்.

வழக்கமாக இங்கே கதை முடிந்திருக்கும். டோக்கியோவின் ஒரு திரைப்படக் கழகம் அவருடைய படங்களின் தொடர் திரையிடலுக்கு ஏற்பாடு செய்திருந்தது. நிக்காட்சு பிரிண்டுகளைத் தர மறுத்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நாகிசா ஓஷிமா போன்ற இயக்குநர்கள் துணை நின்றார்கள். சுசுகி வழக்குத் தொடுத்தார். ஒரு பி-கிரேடு ரவுடிப்பட இயக்குநரின் பிரிண்டுகளுக்காக ஊர்வலம் போன நிகழ்ச்சியைவிடக் கல்ட் என்பதற்கு நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. 1971-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் பெரிய ஸ்டுடியோக்கள் எதுவும் அவருக்குப் பத்தாண்டு படம் கொடுக்கவில்லை. அதே 1971-இல் நிக்காட்சுவும் நொடித்து, மென்பாலியல் படங்களுக்குத் திரும்பிவிட்டது.

1980-இல் அவர் 'ஸிகோய்னர்வைசன்' என்ற படத்தோடு திரும்பினார். தியேட்டர்காரர்கள் எடுக்கவில்லை. தயாரிப்பாளர் கென்ஜிரோ அராடோ காற்றடைத்த ஒரு கூடாரத்தைத் தயார் செய்து அதில் படத்தைக் காட்டினார். டூரிங் டாக்கீஸில் மண்குவித்து உட்கார்ந்து வளர்ந்த நமக்கு இந்தக் கூடாரம் புதிதல்ல. நம் கொட்டகை ஊருக்கு ஊர் போனதுபோல அதுவும் போனது. அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக கினெமா ஜுன்போ இதழ் அதையே தேர்ந்தெடுத்தது. ஜிம் ஜார்முஷ் 1999-இல் எடுத்த 'கோஸ்ட் டாக்' படத்தில் 'பிராண்டட் டு கில்' படத்தின் அந்தப் பட்டாம்பூச்சியை மறக்காமல் வணங்கியிருக்கிறார். அதே படத்தில் குழாய் வழியாகச் சுட்டு நடக்கும் கொலையையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். சுதந்திரம் கிடைத்தவர் தன் கையைக் காட்டுவது இயல்பு. சம்பளக்காரராக, ஒப்படைத்த கதையில், 25 நாளில் தன் கையைக் காட்டியவர் என்பதால் சுசுகியைத் தலைவாசலில் வைக்கிறேன்.

இந்தியாவில் இந்த மரபு நள்ளிரவுக் காட்சியில் தொடங்கவில்லை, வகுப்பறையில் தொடங்கியது. ரித்விக் கட்டக்கின் படங்களில் 'மேகே டாக்கா தாரா' ஒன்றுதான் வசூலில் தேறியது. 1952-இல் முடித்த முதல் படம் 'நாகரிக்', அவர் 1976-இல் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது. அறுபதுகளின் நடுவில் பூனா திரைப்படக் கல்லூரியில் அவர் துணை முதல்வராக இருந்த குறுகிய காலம், வசூல் கொடுக்காததை அவருக்குக் கொடுத்தது. மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடமிருந்து வெளியே வந்தவர்கள். மூவர் படமும் மூன்று விதம். குருவின் பாணியை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை, பிடிவாதத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஜான் ஆபிரகாம் நமக்கு நெருக்கமானவர், ஏனென்றால் அவருடைய முக்கியமான படங்களில் ஒன்று தமிழ்ப்படம். ஆயுள் காப்பீட்டு நிறுவன வேலையை விட்டுவிட்டுப் பூனா போனவர். 1977-இல் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தார். எழுத்து வெங்கட் சாமிநாதன், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். தாயை இழந்த கழுதைக்குட்டியை ஒரு பேராசிரியர் தன் அக்ரகாரத்துக்குக் கொண்டுபோகிறார். ஊர் அதைக் கொல்கிறது, பிறகு அதற்கே கோயில் கட்ட நினைக்கிறது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. இந்தப் படத்தைப் பார்த்த தமிழர்களில் பெரும்பாலோர் திரைப்படச் சங்கங்களின் அரைகுறை வெளிச்சத்தில், தேய்ந்த பிரிண்டில் பார்த்தவர்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகளும் பேசிய பேச்சும்தான் படத்தை அடுத்தவரிடம் சேர்த்தன.

பிறகு அவர் கேரளத்தில் செய்தது இந்த மரபு முழுவதிலும் தனித்தது. 1984-இல் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டும், பறையடித்தும், மக்களிடம் கையேந்தியும் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் 1986-இல் 'அம்ம அறியான்' உருவானது. தூக்கில் தொங்கிய ஓர் இளைஞனின் மரணத்தை அவன் தாயிடம் சொல்ல, வயநாட்டிலிருந்து கொச்சி வரை ஒவ்வொரு நண்பனாகச் சேர்ந்துகொண்டு போகிற பயணம் அது. எல்ஜினில் பார்வையாளர் படம் வந்த பிறகு சேர்ந்தார்கள். ஒடேசாவில் பார்வையாளர் படம் பிறப்பதற்கு முன்பே அதற்குக் காசு போட்டுவிட்டார்கள். தங்களுக்குப் பிடித்தமாதிரி எடுத்துக்கொடு என்று மட்டும் கேட்கவில்லை. வெகுஜன சினிமாவிலும் மக்கள் பணம்தான் ஓடுகிறது, ஆனால் அங்கே அந்தக் கோரிக்கை முதலில் வந்துவிடுகிறது. ஜான் 1987 மே மாதம் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய குடி, அலைச்சல், தாடி பற்றிய கதைகள் அதற்குப் பிறகு பெருகின. அந்தக் கதைகளைப் படங்களுக்கு மேலாகத் தூக்கிப் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆளைப் பற்றிய புராணம் படத்தைப் பார்க்க விடாமல் மறைக்கும்போது, பக்தி படத்துக்குத் துணையாக இருப்பதில்லை.

கமல் ஸ்வரூப்பின் 'ஓம் தர்-ப-தர்' பற்றி ஒரு வார்த்தை. 1988-இல் முடிந்த படம். அஜ்மீர், புஷ்கர் பின்புலத்தில் தவளையும் சோதிடமும் விளம்பரமும் கலந்த கனவு. 2014-இல்தான் தியேட்டருக்கு வந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க திரைப்படக் கல்லூரி விடுதிகளில் வீடியோ கேசட்டாக வாழ்ந்தது.

தமிழ் சினிமாவில் நள்ளிரவுக் காட்சியின் வேலையைச் செய்தது எது? பாட்டு என்பது என் கருத்து. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' அதற்குச் சான்று. அடையாறு திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த ருத்ரய்யா, 1978 தீபாவளியை ஒட்டி அந்தப் படத்தை வெளியிட்டார். கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீபிரியா, இளையராஜா. இந்தப் பெயர்களை வைத்துப் பார்த்தால் விளிம்பில் நின்ற படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வண்ணநிலவனும் சோமசுந்தரேஸ்வரும் எழுத்தில் இருந்தார்கள். அதே தீபாவளிக்கு வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' கமலை வைத்தே பெரிய வெற்றி பெற்றது. 'அவள் அப்படித்தான்' கறுப்பு வெள்ளையில், முகத்துக்கு மிக அருகே நின்று, மஞ்சு என்ற பெண்ணின் கோபத்துக்கு விளக்கம் சொல்லாமலும் மன்னிப்புக் கேட்காமலும் நகர்ந்தது. கடைசியில் அவள் தெருவில் நிற்கிறாள், கார் போய்விடுகிறது. அவளைத் திருத்தி ஒரு வீட்டில் சேர்த்துவிட்டு எழுந்து போகப் பழகியிருந்த கூட்டம் குழம்பிப் போனது.

படம் தியேட்டரைவிட்டுப் போன பிறகும் யேசுதாஸ் பாடிய பாட்டு வானொலியில் நின்றது. கமல் பாடியதும் ஜானகி பாடியதும் நின்றன. பாட்டைக் கேட்டவன் இது எந்தப் படம் என்று விசாரித்தான். விசாரித்தவன் வீடியோ வாடகைக் கடையில் கேட்டான், பிறகு தொலைக்காட்சியில் எப்போதாவது போடும்போது பிடித்துப் பார்த்தான், அதற்குப் பிறகு யூடியூபில் தேடினான். சலிப்பூட்டும் பகுதி என்று வணிக ஆட்கள் சொன்ன பேச்சுக் காட்சிகளையே புதிய தலைமுறைப் பெண்கள் வெட்டியெடுத்துப் பகிர்கிறார்கள். ருத்ரய்யா 1980-இல் 'கிராமத்து அத்தியாயம்' எடுத்தார். அதன்பின் 2014-இல் இறக்கும்வரை வேறு படம் வரவில்லை. இரண்டே படம் எடுத்தவரைக் கல்ட் இயக்குநர் என்று ஏற்கலாமா என்று கேட்பார்கள். எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? இரண்டாவது படத்தை எத்தனை பேர் முதல் படத்துக்காகத் தேடிப் போனார்கள் என்பதே கேள்வி. அப்படித் தேடியவர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நல்ல இயக்குநர் எல்லோரையும் இந்தக் கொட்டகைக்குள் இழுக்க வேண்டியதில்லை. ருத்ரய்யாவின் சமகாலத்தவர் மகேந்திரன். 'முள்ளும் மலரும்' படத்தில் வசனம் குறைவு என்று தயாரிப்பாளரே கவலைப்பட்டார். ஆனால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், 'உதிரிப்பூக்க'ளையும் ஏற்றுக்கொண்டார்கள். மகேந்திரனின் கை உறுதியில் குறையில்லை. அவரைக் காப்பாற்ற யாரும் ஓடத் தேவையிருக்கவில்லை, அவ்வளவுதான். மறுபக்கம், வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் ஏவி.எம்.முக்காக எடுத்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. வானொலி அதைச் சுமக்க வழியில்லை. ஆனாலும் எழுபது ஆண்டுகளாக அது பெயரிழக்கவில்லை. சினிமா எடுக்க வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வணிகத்தின் மையமான ஒரு நிறுவனத்துக்குள்ளேயே அது நடந்தது என்பதால் பாலசந்தரைச் சுசுகிக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் தோன்றும்.

செல்வராகவன் சிக்கலானவர், ஆகவே சுவாரசியமானவர். 'காதல் கொண்டேன்', '7ஜி ரெயின்போ காலனி' இரண்டும் வெற்றி. 2006-இல் பாலகுமாரன் வசனத்தில் 'புதுப்பேட்டை' வந்தபோது கூட்டம் தயங்கியது. பிச்சை எடுத்த பையன் ரவுடியாகி அரசியல்வாதியாகும் கதையில், அவனிடம் நாம் இரக்கப்பட வேண்டுமா வெறுக்க வேண்டுமா என்று படம் சொல்லித்தரவில்லை. 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்', சோழர்களின் எச்சத்தைப் பெருமிதமாகக் காட்டாமல் பசியும் புண்ணுமாகக் காட்டியது. அன்று பலர் பாதியில் எழுந்தார்கள். பத்தாண்டு கழித்து மறுவெளியீட்டில் அதே படத்துக்கு அரங்குகள் நிறைந்தன. இடையில் இரவு நேரத் தொலைக்காட்சியும் மீம்களும் அதைச் சுமந்தன. 'புதுப்பேட்டை' நாயகன் கொக்கி குமார் இன்று ஒரு பாத்திரமாக மட்டும் இல்லை, பேச்சுவழக்காகவே இருக்கிறான். இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. கொண்டாடப்படுகிற துண்டுகளில் பெரும்பாலும் வன்முறையின் மிடுக்குதான் இருக்கிறது. அந்த மிடுக்கின் கீழே செல்வராகவன் வைத்த அவமானம் துண்டு போடும்போது கீழே விழுந்துவிடுகிறது. பார்வையாளர் சுமக்கும்போது எதைச் சுமக்கிறார், எதை இறக்கி வைத்துவிடுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியாகத் தியாகராஜன் குமாரராஜா. 'ஆரண்ய காண்டம்' தணிக்கையோடு நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2011-இல் வந்தது. ஒரு நாளில் நடக்கும் வடசென்னை ரவுடிக் கதை, பாட்டு இல்லை, யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை மட்டும். அறிமுக இயக்குநருக்கும் எடிட்டிங்குக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன, தியேட்டரில் நிற்கவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் பென்டிரைவில் கைமாற்றிய கல்லூரி மாணவர்களும் உதவி இயக்குநர்களும். அவர்களில் பலர் இன்று படமெடுக்கிறார்கள்; சேவல் சண்டையும் சிறுவனின் முகமும் அந்த ஒளியமைப்பும் அவர்களுடைய படங்களில் தெரிகின்றன. அடுத்த படத்துக்கு அவர் எட்டாண்டு எடுத்துக்கொண்டார். அந்த எட்டாண்டும் அவரைப் பற்றிய எதிர்பார்ப்பு ஒரு துளியும் குறையவில்லை; தமிழில் வேறெந்த இயக்குநரின் இல்லாமைக்கும் அப்படி ஒரு கவனம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. 2019-இல் 'சூப்பர் டீலக்ஸ்' வந்தபோது விஜய் சேதுபதியும் சமந்தாவும் ஃபகத் ஃபாசிலும் இருந்தார்கள், கூட்டமும் வந்தது, கை மாறவில்லை. 'ஆரண்ய காண்டம்' உரைகல்லைத் தாண்டிவிட்டது. 'சூப்பர் டீலக்ஸ்' முதல் வாரத்திலேயே கல்ட் என்று விளம்பரமான படம். அதைப் பற்றி இன்னும் ஓர் ஆறேழு ஆண்டு கழித்து இதேபோன்ற ஒரு மலரில் எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.